மன்னார்த் தீவில் குடியிருக்க ஓர் அறை

"டவுனுக்குள்ள ஓர் அறையும் குசினியுமா ஏதாவது அனெக்ஸ் இருந்தாச் சொல்லுங்க." ஆசிரியர் இடமாற்றப் பட்டியல் வெளிவரும் வாரத்தில் மன்னாரில் இந்த வேண்டுகோளைப் பல வாய்களில் கேட்கலாம். கச்சேரி வாசலிலும், மாவட்டப் பொது வைத்தியசாலையிலும், பஸ் நிலையத்துத் தேத்தண்ணிக் கடையிலும் இதே பேச்சுத்தான். முன்பெல்லாம் இப்படிக் கேட்டவருக்கு ஒரு வீட்டைக் கைகாட்டிவிட்டுப் போவார்கள். இப்போது பதிலுக்கு விசாரணை நடக்கிறது. எத்தனை பேர், கலியாணம் முடிச்சதா, எந்த ஊர், என்ன சமயம், மச்சம் சமைப்பீங்களா, மோட்டார் சைக்கிள் இருக்கா. எல்லாவற்றுக்கும் பொருத்தமான பதில் சொன்ன பிறகுதான் அட்வான்ஸ் கதை வரும். அந்தத் தொகையைக் கேட்டதும், முருங்கனிலிருந்தோ வவுனியாவிலிருந்தோ தினமும் பஸ் ஏறி வருவதே மேல் என்று திரும்பிப் போகிறவர்கள் பலர்.

வெளியூரிலிருந்து வரும் சில உத்தியோகத்தர்களின் சிரமம் இது, நாலு நாளில் தீரும் என்று ஒதுக்குவது எளிது. ஆனால் வீடு தேடுகிறவர்களின் முகங்களைப் பாருங்கள். பேசாலையில் பிறந்து டவுனில் வேலை செய்யும் பெண் இருக்கிறார். எருக்கலம்பிட்டியில் தகப்பனின் ஒரே வளவில் மூன்றாவது குடும்பமாக ஒண்டியிருக்க முடியாத இளைஞர் இருக்கிறார். முசலியில் காணி இருந்தும் காலடி வைக்க முடியாதவர்கள் இருக்கிறார்கள். இந்த மண்ணின் பிள்ளைகள் இந்த மண்ணிலேயே வாடகைக் குடிகளாகிக்கொண்டிருக்கிறார்கள். அதுவும் எழுத்தில்லாமல், பற்றுச்சீட்டில்லாமல், நாளைக்கு எழும்பச் சொன்னால் எழும்ப வேண்டிய குடிகளாக. இதை யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை என்பது உண்மை. தடுக்க யாரும் திட்டமிடவில்லை என்பதும் உண்மை.

சின்னக்கடைப் பக்கம் அண்மையில் எமக்குக் காட்டப்பட்ட ஓர் அனெக்ஸைச் சொன்னால் நிலைமை விளங்கும். பழைய கல்வீடு ஒன்றின் பின்விறாந்தையைக் கல் அடுக்கி மறைத்து எடுத்த அறை அது. கட்டில் ஒன்றும் மேசை ஒன்றும் போட்டால் நடக்க இடமில்லை. கூரை அஸ்பெஸ்டஸ் தகடு; சித்திரை வெயிலில் மதியத்துக்குப் பிறகு உள்ளே இருக்க முடியாது. குசினி என்று காட்டப்பட்டது, சுவரோடு சாய்த்த தகரத்தின் கீழ் ஒரு சீமெந்துத் திட்டு. கிணறு உண்டு. ஆனால் தீவின் பெரும்பாலான கிணறுகளைப் போல அதிலும் உவர்நீர்தான். குளித்தால் சவர்க்காரம் நுரைக்காது. குடிதண்ணீர்க் குழாய் முன்வளவில் இருக்கிறது. வீட்டுக்காரர் எழும்பிக் கேற் திறந்த பிறகுதான் வாளி கொண்டுபோகலாம். இதற்கு ஆறு மாத வாடகை முற்பணம். கையெழுத்து ஏதும் உண்டா என்று கேட்டோம். "நம்பிக்கைதானே" என்றார்கள்.

கரண்ட் பில் சங்கதி தனிக்கதை. அனெக்ஸுக்கு வேறு மீற்றர் கிடையாது. இரண்டு குடும்பமும் ஒரே மீற்றரில். நம் நாட்டில் வீட்டு மின்கட்டணம் பாவனை கூடக்கூட யூனிற்றுக்கான விலையும் ஏறும் முறையில் வைக்கப்பட்டிருக்கிறது. மாதம் 60 யூனிற்றைத் தாண்டினால் கணக்கே மாறும். தனித்தனி மீற்றர் இருந்தால் இரண்டு சிறிய பில்கள் வரும். ஒரே மீற்றரில் அவை கூடி, மேல்படி விலையில் ஒரு பெரிய பில்லாக வருகின்றன. அதில் பாதியையோ, சில இடங்களில் பாதிக்கு மேலேயோ, ஒற்றை மின்விசிறியும் ஒரு குமிழும் வைத்திருக்கும் வாடகைக்காரர் கட்டுகிறார். தென்கரையில் தம்பபவனியின் 30 காற்றாலைகள் 100 மெகாவாற்றுக்கு மேல் திறன் கொண்டு சுழலும் தீவில் இது நடக்கிறது. இந்த ஒரு விசயத்தையாவது உடனடியாகத் திருத்தலாம். வாடகைப் பகுதிக்குத் தனி இணைப்புக் கேட்டு வருகிறவரை உறுதி கொண்டுவா, வரைபடம் கொண்டுவா என்று அலைக்கழிக்காத ஒரு சுற்றுநிருபம் போதும்.

வீட்டுக்காரர்களைக் கொடியவர்களாகக் காட்டுவது எமது நோக்கமில்லை. மன்னாரில் அனெக்ஸ் விடுகிறவர்கள் மாளிகை கட்டிய முதலாளிகளாக இருப்பது அபூர்வம். புருஷனை யுத்தத்திலோ கடலிலோ பறிகொடுத்த பெண்கள், ஓய்வூதியத்தை மருந்துக்குக் கொடுத்துவிட்டு மிச்சத்துக்கு வழி தேடும் பழைய ஆசிரியர்கள், பிள்ளைகளைக் கனடாவுக்கு அனுப்பிவிட்டு வெறும் அறைகளோடு தனித்திருக்கும் தாய்மார் இவர்கள்தான். 2022 இல் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி பணவீக்கம் 70 வீதத்தை எட்டிப் பிடித்தபோது அவர்களின் சோற்றுப்பானையும் அதே நெருப்பில்தான் கொதித்தது. வாடகையை ஏற்றாமல் அவர்களால் இருந்திருக்க முடியாது. ஆனால் வாடகைக்காரரின் சம்பளம் அந்த வேகத்தில் ஏறவில்லை. தேசிய குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2026 ஜனவரியிலிருந்து 30,000 ரூபா. அதில் மூன்றில் ஒரு பங்கை வாடகைக்கு ஒதுக்கினால் 10,000 ரூபா வரும். அந்தப் பத்தாயிரத்துக்கு டவுனுக்குள் கதவு பூட்டக்கூடிய ஓர் அறை கிடைக்குமா என்று கடைகளில் நிற்கும் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள்.

எல்லாவற்றுக்கும் அடியில் கிடப்பது காணிப் பிரச்சினை. மன்னார்த் தீவு முழுவதும் ஏறத்தாழ 130 சதுர கிலோமீற்றர்தான். அதிலும் பெரும்பகுதி கடல்மட்டத்திலிருந்து சில மீற்றர் உயரம்கூட இல்லாத மணல், உவர்நிலம், கண்டல், மழைக்குத் தண்ணீர் நிற்கும் பள்ளம். மனிதர் குடியிருக்கத் தோதான மேட்டுநிலம் டவுன், எழுத்தூர், தாராபுரம், எருக்கலம்பிட்டி, பேசாலை, தலைமன்னார் என்று திட்டுத் திட்டாகத்தான் இருக்கிறது. அந்தத் திட்டுகளுக்குள் கச்சேரி, நீதிமன்றம், வைத்தியசாலை, வங்கிகள், பெரிய பாடசாலைகள் எல்லாம் போய் நெருங்கியிருப்பது டவுனில். ஆகவே மாவட்டமே டவுனில் ஓர் அறை தேடுகிறது.

இந்த நெருக்கடியின் வேர் 1990 இல் இருக்கிறது. அந்த ஆண்டு ஒக்ரோபரில் விடுதலைப் புலிகள் வடக்கின் முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேற்றியபோது, மன்னார்த் தீவின் முஸ்லிம்கள் வள்ளங்களில் கற்பிட்டிக்கும் புத்தளத்துக்கும் போனார்கள். அங்கே இரண்டு தசாப்தங்கள் ஓலைக் கொட்டில்களிலும் வாடகை வளவுகளிலும் கழிந்தன. 2009 க்குப் பிறகு அவர்கள் திரும்பியபோது, போனது ஒரு குடும்பமென்றால் வந்தது நாலு குடும்பம். பிள்ளைகள் கலியாணம் முடித்திருந்தார்கள், பேரப்பிள்ளைகளும் பிறந்திருந்தார்கள். காணி மட்டும் அதே அளவில் கிடந்தது. சில இடங்களில் அதுவும் வேறொருவர் கைக்கு மாறியிருந்தது. இந்திய அரசின் உதவியில் வடக்கு, கிழக்கு, மலையகத்துக்கு 50,000 வீடுகள் என்று வந்த திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு 550,000 ரூபா கொடுத்தார்கள். நல்ல திட்டம்தான். ஆனால் வீடு கட்டக் காணி காட்ட வேண்டும். காணியில்லாத மூத்த மகனும் இரண்டாவது மகளும் அந்த வரிசையில் நிற்கவே முடியவில்லை. இன்று டவுனில் வாடகை கொடுப்பவர்களில் ஒரு பகுதியினர் அந்தப் பிள்ளைகள்தான்.

தமிழ்க் கிராமங்களின் கதையும் அப்படித்தான். முசலியின் தென்கோடியில் முள்ளிக்குளத்து மக்கள் 2007 செப்டெம்பரில் வெளியேற்றப்பட்டார்கள். கோயிலும் பள்ளிக்கூடமும் குளமுமாக இருந்த அந்த ஊரில் கடற்படையின் வடமேற்குக் கட்டளைத் தலைமையகம் குடிகொண்டது. பத்து ஆண்டுகள் பொறுத்த மக்கள் 2017 இல் வீதியோரத்தில் கொட்டகை போட்டு உட்கார்ந்த பிறகுதான், அந்த ஏப்ரலில் 100 ஏக்கரை விடுவிப்பதாகக் கடற்படைத் தளபதி வந்து அறிவித்தார். தங்கள் சொந்த வீடுகளில் கடற்படைக் குடும்பங்கள் இருக்க, சொந்தக்காரர்கள் மலங்காட்டுக் கொட்டில்களில் இருந்தார்கள். இந்த நாட்டில் வாடகை கேட்கும் உரிமை எவருக்கேனும் இருக்குமென்றால் முள்ளிக்குளத்தாருக்கு இருக்க வேண்டும். ஒரு சதம் வாடகையைப் பற்றியும் அரசு பேசியதாக நாம் கேள்விப்படவில்லை.

வனமும் காணியை எடுத்தது. 2017 மார்ச்சில் அன்றைய ஜனாதிபதி ரஷ்யாவில் இருந்தபடியே கையெழுத்திட்டு, முசலியை ஒட்டிய பெரும் நிலப்பரப்பை மாவில்லுப் பேணற்காடாக அறிவித்தார். காடு காக்கப்பட வேண்டும் என்பதில் எமக்கு மாற்றுக் கருத்தில்லை. அந்தக் காடு போனால் மழையும் போகும். ஆனால் வர்த்தமானிக்கு முன்பு ஊர்க் காணிகள் எவையென்று கிராமத்தவரோடு உட்கார்ந்து பார்க்க வேண்டாமா? மறிச்சுக்கட்டியிலும் கரடிக்குளியிலும் உறுதி வைத்திருந்தவர்களே ஆவணக் கட்டோடு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினார்கள்.

பிறகு காற்று. மணல். அதானி நிறுவனம் மன்னாரிலும் பூநகரியிலும் 484 மெகாவாற் காற்றாலைத் திட்டத்தோடு வந்தது. 2025 பெப்ரவரியில் விலகிப் போனது. வேறு காற்றாலைகளுக்கான வேலை அதோடு நிற்கவில்லை. இல்மனைற் மணல் தேடி வந்த அவுஸ்திரேலியக் கம்பனியும் போகவில்லை. 2025 ஆகஸ்டில் காற்றாலை உதிரிப் பாகங்கள் தீவுக்குள் வரத் தொடங்கியபோது மக்கள் இரவு பகலாக வீதியில் நின்றார்கள். ஜனாதிபதி ஒரு மாதம் வேலையை நிறுத்திவைத்தார். பிறகு மறுபடி தொடங்க, செப்டெம்பர் 26 இரவு பொலிஸாரின் பலப் பிரயோகத்தில் முடிந்தது. அந்தப் போராட்டத்தை மீன், பறவை, வெள்ளம் என்ற சொற்களில்தான் தெற்கின் பத்திரிகைகள் எழுதின. வெள்ளம் என்பதே குடியிருப்புப் பிரச்சினைதான். காற்றாலைக்கென்று உயர்த்திப் போட்ட வீதி மழைத்தண்ணீர் கடலுக்கு ஓடும் வழியை மறித்தால், முதலில் தண்ணீர் ஏறுவது பள்ளத்தில் குறைந்த வாடகைக்கு விடப்பட்ட வீட்டுக்குள்தான்.

அதே 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் வந்தது. மல்வத்து ஓயாவாகிய அருவியாறு பெருக்கெடுத்துப் பெருநிலப்பரப்பின் ஊர்களை மூழ்கடித்தது. வீடிழந்தவர்களுக்கு வாடகைக் கொடுப்பனவு தருவதாக அரசு அறிவித்தது. காசு கொடுப்பது சரி. அந்தக் காசைக் கையில் வைத்துக்கொண்டு மன்னாரில் எந்தக் கதவைத் தட்டுவது என்பதை அறிவித்தவர்கள் யோசித்தார்களா? வீடே இல்லாத இடத்தில் வாடகைக் கொடுப்பனவு கொடுத்தால், இருக்கிற வாடகைதான் இன்னும் ஏறும்.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். நம்மில் பெரும்பாலானோருக்கு இது தெரியாது; தெரியாமல் இருப்பது இரு தரப்புக்கும் நட்டம். 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் இன்றைக்கும் உயிரோடு இருக்கிறது. அதன்படி ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை எதுவும் நொத்தாரிசு ஒருவர் முன், இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட்டால்தான் செல்லும். கடையில் முத்திரை ஒட்டி, "இரண்டு வருடத்துக்கு இந்த வீட்டைத் தருகிறேன்" என்று இருவரும் கையெழுத்து வைத்த கடதாசியைப் பெட்டிக்குள் பத்திரப்படுத்தி வைத்திருப்பவர்கள் பலர். அந்தக் கடதாசியால் இரண்டு வருட உரிமை வராது. சட்டத்தின் கண்ணில் அது மாதாமாதம் ஓடும் வாடகைதான்.

வாடகைக்காரரைக் காக்கவென்று 1972 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க வாடகைச் சட்டம் வந்தது. அடுத்த ஆண்டே ஒருவர் எத்தனை வீடு வைத்திருக்கலாம் என்று உச்சவரம்பு கட்டினார் வீடமைப்பு அமைச்சர் பீற்றர் கெனமன். கொழும்பில் வாடகை கொடுத்து இருந்த பலர் அந்தக் காலத்தில்தான் வீட்டுச் சொந்தக்காரர்களானார்கள். வேறு விளைவும் இருந்தது: வீட்டை வாடகைக்கு விட்டால் திரும்பக் கிடைக்காது என்ற பயம் நாட்டின் சொத்துக்காரர் மனதில் ஊன்றியது. நாற்பது வருடம் கொழும்பு நீதிமன்றங்களில் இழுபட்ட வாடகை வழக்குகளின் கதைகள் மன்னார் வரைக்கும் வந்து சேர்ந்தன. இன்றைக்கும் கனடாவிலோ சுவிற்சர்லாந்திலோ இருப்பவரின் வீடு எமில் நகரில் பூட்டியபடி பாழடைவதற்கும், அனெக்ஸ்காரரின் பெயரை வாக்காளர் இடாப்பில் பதிய வீட்டுக்காரர் மறுப்பதற்கும் அந்தப் பயமே காரணம்.

பயத்துக்குக் காரணமே பெரும்பாலும் போய்விட்டது என்பதுதான் வேடிக்கை. 1980 இலும் 2002 இலும் வந்த திருத்தங்கள் வாடகைச் சட்டத்தின் எல்லையை மிகவும் குறுக்கிவிட்டன. புதிதாக வாடகைக்குப் போகும் வீடுகளுக்கு அதன் பாதுகாப்பு அநேகமாக இல்லை. 2023 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்கச் சட்டமோ, குத்தகைக் காலம் முடிந்தும் எழும்பாதவரிடமிருந்து வீட்டைச் சுருக்க நடைமுறையில் மீட்க உரிமையாளருக்கு வழி திறந்துவிட்டது. ஆக, வீட்டுக்காரர் பழைய சட்டத்தை நினைத்துப் பயப்படுகிறார். வாடகைக்காரர் இல்லாத பாதுகாப்பை நம்பி இருக்கிறார். எழுத்திலுள்ள ஒப்பந்தம் இருவருக்கும் நல்லது. சட்டப்படியான குத்தகை எழுதிக்கொண்ட வீட்டுக்காரருக்கு வீடு திரும்பி வரும். வாடகைக்காரருக்கு அந்தக் காலம் முடியும்வரை நிம்மதி இருக்கும்.

எழுத்தில்லாத குடியிருப்பு எவ்வளவு தூரம் மனிதரைத் தள்ளும் என்பதற்கு நம் கண்முன் ஓர் உதாரணம் இருக்கிறது. 2007 ஜூன் 7 அதிகாலையில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை போன்ற இடங்களின் லொட்ஜுகளுக்குள் பொலிஸார் புகுந்தார்கள். வடக்கு கிழக்கிலிருந்து போய்த் தங்கியிருந்த 370 க்கு மேற்பட்ட தமிழர்களை பஸ்களில் ஏற்றினார்கள். "சரியான காரணமில்லாமல் கொழும்பில் தங்கியிருப்பவர்கள்" என்பதுதான் குற்றச்சாட்டு. வெளிநாடு போகக் காத்திருந்தவர், வைத்தியத்துக்கு வந்தவர், வேலை பார்த்தவர் என்ற வேறுபாடில்லாமல் வவுனியாவுக்கு ஓட்டிச் சென்றார்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் தடையுத்தரவு போட்டது. பிரதமர் வருத்தம் தெரிவித்தார். அந்த நிகழ்வின் வேர் இனவெறுப்பு, அதில் சந்தேகமில்லை. ஆனால் லொட்ஜ் அறைக்கு மாதம் தவறாமல் காசு கட்டியவர்களின் கையில் தாங்கள் அங்கே குடியிருப்பவர்கள் என்று காட்ட ஒரு கடதாசி இல்லாதது பொலிஸாருக்கு எவ்வளவு வசதியாகப் போனது என்பதையும் மறக்கக் கூடாது. அன்றைக்குக் கொதித்த நாம், இன்றைக்கு எமது ஊரில், எமது வளவில், எமது ஆட்களையே அப்படி வைத்திருக்கிறோம்.

சமயமும் ஊரும் கேட்டுக் கதவு சாத்துவதையும் சொல்லியாக வேண்டும். கத்தோலிக்கர் வீட்டில் முஸ்லிமுக்கு இல்லை. முஸ்லிம் வீட்டில் சைவருக்கு இல்லை. சைவர் வீட்டில் மீன் சமைப்பவருக்கு இல்லை. தனியாக இருக்கும் பெண்ணுக்கு எவர் வீட்டிலும் இல்லை. வெள்ளவத்தையில் தமிழருக்கு அறையில்லை என்று சொன்னவர்களைப் பற்றி நாம் என்ன பேசினோம் என்பது எல்லோருக்கும் தெரியும்.

எழுத்தில்லாததன் விலையை அதிகம் கொடுப்பது பிள்ளைகள். அரச பாடசாலைகளில் முதலாம் தர அனுமதியில் பாதி இடம் அருகில் வசிப்பவர்களுக்கு. அதற்கு வாக்காளர் இடாப்பும் வதிவிட ஆவணமும் பார்த்துப் புள்ளி போடுகிறார்கள். புனித சவேரியார் கல்லூரி மதிலுக்குப் பக்கத்து அனெக்ஸில் பல வருடம் குடியிருந்தாலும், இடாப்பில் பெயருமில்லை, நொத்தாரிசு எழுத்துமில்லை என்றால் புள்ளியுமில்லை. டவுனில் இருந்துகொண்டே டவுனுக்குள் இல்லாதவர்களாகக் கணக்கிடப்படும் குடும்பங்கள் எத்தனை என்பது கிராம அலுவலர்களுக்குத் தெரியும்.

இவ்வளவும் இன்றைய நிலை. நாளை வரப்போவதுதான் எம்மை இன்னும் கலங்க வைக்கிறது. 2015 மார்ச்சில் தலைமன்னார் வரை ரயில் திரும்ப வந்தது. 2024 டிசெம்பரில் இந்தியாவும் இலங்கையும் வெளியிட்ட கூட்டறிக்கையில் இராமேஸ்வரம் – தலைமன்னார் கப்பல் சேவையை விரைவில் மீளத் தொடங்கும் பேச்சு இருக்கிறது. இந்தப் பக்கம் காற்று வீசும் மாதங்களில் காற்றாடிச் சறுக்கு விளையாட வெள்ளைக்காரர் வருகிறார்கள். வங்காலைக்கு வரும் நாரைகளைப் பார்க்க கமராவோடு வருகிறவர்களும் கூடுகிறார்கள். வரட்டும், தலைமன்னார்க் கப்பலை ஏங்கிக் காத்திருந்த தலைமுறை இது. ஆனால் கப்பல் வந்தால் முதலில் மாறப்போவது டவுனின் அனெக்ஸ்கள்தான். மாதம் ஒருமுறை வாடகை தரும் தாதியா, இரவுக்கு இவ்வளவு என்று கைபேசியில் காசு கட்டிவிட்டு மூன்றாம் நாள் போய்விடும் பயணியா என்ற தெரிவு வந்தால், கஷ்டத்திலிருக்கும் வீட்டுக்காரர் எதைத் தெரிவார்?

தெற்கில் வெலிகமவையும் அஹங்கமவையும் பார்த்தவர்கள் இதைக் கண்ணால் கண்டிருப்பார்கள். மீனவர் வீடுகளும் தென்னந்தோட்ட வீடுகளும் இரவு வாடகை வில்லாக்களாகிவிட, ஊர்ப் பிள்ளைகள் உள்நாட்டுப் பக்கம் தள்ளிப்போனார்கள். உலகத்தில் இதை அனுபவித்துக் களைத்த நகரம் பார்சிலோனா. அதன் மேயர் 2024 ஜூனில், சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விட அனுமதி பெற்ற 10,101 வீடுகளின் அனுமதிகளையும் 2028 நவம்பருக்குப் பிறகு புதுப்பிக்கப்போவதில்லை என்று அறிவித்தார். மன்னார் எங்கே, பார்சிலோனா எங்கே என்று சிரிப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறோம். பெரிய நகரம் பத்தாயிரம் வீட்டை இழந்த பிறகும் சமாளிக்கும். டவுனின் அனெக்ஸ்களில் நூறு இரவு வாடகைக்குப் போனாலே எமது வைத்தியசாலைக்கு வரும் தாதியருக்குத் தங்க இடமிராது.

இந்தக் கரைக்கு இது புது அனுபவமுமில்லை. நூற்றிருபது வருடத்துக்கு முன் முத்துக்குளிப்புக் காலத்தில் மறிச்சுக்கட்டியில் கிடுகாலும் கம்பாலும் ஒரு நகரமே எழும்பியது. ஆயிரக்கணக்கில் சுழியோடிகளும் வியாபாரிகளும் வந்தார்கள். பருவம் முடிந்ததும் நகரம் கலைந்தது. 1906 இல் முத்துப்பாரையே 20 வருடக் குத்தகைக்கு ஒரு இலண்டன் கம்பனியிடம் கொடுத்தது பிரித்தானிய அரசு. 1907 க்குப் பிறகு சிப்பி விளையவில்லை. கம்பனி கலைந்தது. வந்தவர் போன பிறகு உவர்த் தண்ணீர்க் கிணற்றோடு மிஞ்சி நின்றவர்கள் ஊரவர்கள்.

ஆகவே எமது கோரிக்கைகள் நேரடியானவை. மன்னார் நகர சபைக்கு 2023 மார்ச் முதல் மக்கள் பிரதிநிதிகள் இருக்கவில்லை. 2025 மே 6 தேர்தலோடு அவர்கள் வந்துவிட்டார்கள். இனி விசேட ஆணையாளரைக் கைகாட்டித் தப்ப முடியாது. ஆதன வரிக்காகச் சபை ஒவ்வொரு வீட்டுக்கும் ஆண்டுப் பெறுமதி போட்டு வைத்திருக்கிறது. அந்தப் பெறுமதி வேறொன்றுமில்லை: அந்த வீட்டை வாடகைக்கு விட்டால் ஒரு வருடத்துக்கு நியாயமாக என்ன கிடைக்கும் என்ற கணக்கு. வரி அறவிடும்போது வாடகை தெரிகிறது. வாடகைக்காரரைக் காக்கும்போது தெரியவில்லை என்று எந்தத் தவிசாளரும் சொல்ல முடியாது. அந்த ஏட்டோடு வாடகைக்கு விடப்படும் அறைகளின் பதிவேடு ஒன்றைச் சேர்ப்பது கடினமில்லை. இரவு வாடகைக்கு விடுவதற்கு அனுமதி தேவை என்ற விதியை இப்போதே, கப்பல் வருவதற்கு முன்பே, சபை கொண்டுவர வேண்டும். வந்த பிறகு விதி போட்டால், முதலீட்டாளரைத் துரத்துகிறார்கள் என்று கூச்சல் எழும்.

சட்டக் கட்டணத்தால்தான் பலர் நொத்தாரிசிடம் போவதில்லை. சிறிய வீடுகளுக்கு ஒரு பக்கக் குத்தகை மாதிரி ஒன்றைத் தமிழிலும் சிங்களத்திலும் ஆயத்தப்படுத்தி, குறைந்த கட்டணத்தில் எழுதிக்கொடுக்க சட்ட உதவி ஆணைக்குழுவும் மன்னார் சட்டத்தரணிகளும் முன்வரலாம். கடல் கடந்தால் தமிழ்நாட்டில் 2017 இல் ஒரு சட்டம் இயற்றி, வாடகை ஒப்பந்தங்கள் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதியப்பட வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். அங்கும் ஏட்டில் இருப்பதெல்லாம் தெருவில் நடப்பதில்லை. ஆனாலும் வழக்கென்று வரும்போது பிடித்துக்கொள்ள ஏடு ஒன்று இருக்கிறது.

கச்சேரி தன் பங்குக்கு, மாவட்டத்தில் எத்தனை அரச விடுதிகள் இருக்கின்றன, அவற்றில் எத்தனை ஆள் இருக்கத் தகுதியில்லாமல் கிடக்கின்றன என்ற பட்டியலைப் பகிரங்கமாக வெளியிட வேண்டும். ஒரு விடுதியைத் திருத்தினால் டவுனில் ஓர் அனெக்ஸ் காலியாகும். அதில் பேசாலைப் பிள்ளை குடியேறும். அதைவிடப் பெரிய பொறுப்பு கொழும்பிலிருக்கும் அரசுக்கு. முள்ளிக்குளத்திலும் சிலாபத்துறையிலும் கடற்படை வைத்திருக்கும் குடியிருப்புக் காணிகள் விடுவிக்கப்படாமல் மன்னாரின் வாடகைப் பிரச்சினைக்கு அடிப்படைத் தீர்வு கிடையாது. கம்பனிகளுக்குக் காணி கொடுக்கும் கோப்புகள் மேசைக்கு மேசை எவ்வளவு விரைவாக நகர்கின்றன என்பதை இந்தத் தீவு பார்த்திருக்கிறது. அந்த விரைவைக் காணிச் சொந்தக்காரர்களின் கோப்புகளிலும் பார்க்க விரும்புகிறோம்.

இந்தப் பத்திரிகையைக் கையில் வைத்திருக்கும் வீட்டுக்காரருக்கும் வாடகைக்காரருக்கும் ஒரு வார்த்தை. அடுத்த மாத வாடகை கைமாறும்போது ஒரு துண்டுக் கடதாசியிலாவது தொகை, திகதி, வீட்டு இலக்கம், கையெழுத்து நான்கையும் எழுதிக் கொடுங்கள். கேட்டு எழுதி வாங்குங்கள். வீட்டிலிருப்போரைப் பதியும் வாக்காளர் படிவம் வரும்போது அனெக்ஸில் இருப்பவரின் பெயரையும் எழுதுங்கள். அதனால் வீடு கைவிட்டுப் போகாது. நகர சபை உறுப்பினர்களே, ஆண்டிறுதியில் உங்கள் வரவுசெலவுத் திட்டம் சபைக்கு வரும். வாடகைப் பதிவேட்டுக்கு அதில் ஒரு தொகை ஒதுக்கப்பட்டிருக்கிறதா என்று நாம் பார்ப்போம். இல்லையென்றால் எவரெவர் கை உயர்த்தினார்கள் என்று பெயரோடு எழுதுவோம்.